பச்சைத்திரைக்கு என்ன துணி வாங்கலாம்? மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்லூரில் சிறிய வீடியோ ஸ்டுடியோ நடத்துகிறேன். போட்டித் தேர்வுக்கு வகுப்பு எடுப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், சமையல் காணொளி போடும் அம்மாக்கள் எனப் பலரும் வந்து பதிவு செய்கிறார்கள். கொஞ்ச நாளில் அவர்களே வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிக்கொண்டு, “பின்னணியை மாற்றுவதற்காகப் பின்னால் தொங்கவிடும் பச்சைத்துணியை எங்கே வாங்குவது, எதை வாங்குவது?” என்று கேட்கத் தொடங்குகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

துணி பச்சையாக இருந்தால் போதாதா? அதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

போதாது. மென்பொருள் செய்யும் வேலையை நினைத்துப் பாருங்கள். நீங்கள் ஒரு நிறத்தைத் தொட்டுக் காட்டுகிறீர்கள். படத்தில் அந்த நிறம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் வேறு படத்தை வைக்கிறது. ஓபிஎஸ், கைன்மாஸ்டர், டாவின்சி ரிசால்வ் எல்லாவற்றிலும் அடிப்படை இதுதான். அதற்குத் தேவை ஒரே ஒரு பச்சை. துணியில் ஒரு சுருக்கம் விழுந்தால் அதன் மேடு வெளிர்பச்சை, பள்ளம் கரும்பச்சை. பளபளப்பு இருந்தால் விளக்கு பட்ட இடம் வெள்ளை. கண்ணுக்கு ஒரே துணியாகத் தெரிவது கேமராவுக்குப் பத்துப் பச்சை.

தொழில் தொடங்கிய புதிதில் நான் வாங்கியது பளபளக்கும் சாட்டின் துணி. மேசையில் விரித்தபோது அந்தப் பச்சை அவ்வளவு அழகாக இருந்தது. உசிலம்பட்டியிலிருந்து ஓர் ஆசிரியர் வந்து மூன்று மணி நேரம் அறிவியல் பாடம் எடுத்தார். இரவு படத்தொகுப்பில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன்: அவருடைய வலது தோளுக்குப் பின்னால், விளக்கு பட்ட இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. அதை நீக்கினால் அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளும் சேர்ந்து போனது. முழுப் பாடத்தையும் மறுபடி பதிவு செய்ய வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து துணியை முதலில் கையால் தடவிப் பார்க்கிறேன். நிறத்தைப் பிறகுதான் பார்க்கிறேன். மங்கலான பரப்பு, போதிய கனம், சுருக்கம் விழாத தன்மை: இந்த மூன்றுக்கும் பிறகே பச்சை.

ஏன் பச்சை? சிவப்பு, மஞ்சள் கூடாதா?

மனிதத் தோலில் சிவப்பும் மஞ்சளும் நிறையவே இருக்கின்றன. அவற்றை வெட்டச் சொன்னால் முகமும் போய்விடும். தோலிலிருந்து நன்றாக விலகி நிற்பவை பச்சையும் நீலமும். பிலிம் காலத்தில் நீலத்திரைதான் வழக்கம். டிஜிட்டல் கேமரா வந்தபின் பச்சை முந்திக்கொண்டது. அதற்கு முக்கியக் காரணம், கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் அமைப்பு. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பில், ஒவ்வொரு நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு. இன்றைய செல்போன் கேமராக்களிலும் பெரும்பாலும் இதே அடிப்படைதான். பச்சையைக் கேமரா கூடுதல் நுணுக்கத்தோடு பதிவு செய்கிறது. குறைந்த விளக்கிலும் படத்தில் புள்ளிப்புள்ளியான கறைகள் குறைவாகவே தெரியும்.

சரி, எந்தத் துணி?

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும்.

பருத்தியில் தொடங்குவோம். கடைகளில் கேஸ்மென்ட் என்று கேட்டால் கிடைக்கும் கனமான பருத்தித் துணி, முதல் திரைக்கு என் தேர்வு. பரப்பு மங்கலாக இருக்கும், விளக்கை எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறவிடும், இழுத்துக் கட்டினால் நிற்கும். குறை ஒன்றே: சுருக்கம் விழும், அயர்ன் செய்யாமல் வேலைக்கு ஆகாது. பாப்ளினும் மங்கல்தான், ஆனால் மெல்லியது. பின்னால் ஜன்னல் இருந்தால் வெளிச்சம் ஊடுருவும். வெள்ளைச் சுவரில் ஒட்டித் தொங்கவிட்டால் துணியின் பச்சையே வெளிறித் தெரியும். பாப்ளின்தான் கையில் இருக்கிறது என்றால் இரண்டு அடுக்காகத் தைத்துக்கொள்ளுங்கள். மல் துணி வேண்டாம்.

பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த டெரிகாட்டனில் சுருக்கம் குறைவு. பலருக்கும் இது வசதிப்படும். ஆனால் சில ரகங்களில் லேசான மினுமினுப்பு உண்டு. வாங்கும் முன் சோதிக்க வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

அடுத்தது பனியன் துணி. திருப்பூரிலிருந்து வரும் லைக்ரா கலந்த பருத்திப் பின்னல் துணியை நான் இப்போது மிகவும் விரும்பிப் பயன்படுத்துகிறேன். நான்கு பக்கமும் இழுத்துக் கவ்வி மாட்டினால் சுருக்கம் தானாகவே மறைந்துவிடும்; அயர்ன் பெட்டியையே தேட வேண்டாம். ஒற்றைப் பின்னலாக இருந்தால் வெட்டிய விளிம்பு சுருண்டுகொள்ளும். இரட்டைப் பின்னலான இன்டர்லாக் என்று கேட்டு வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. மிகவும் இழுக்கக் கூடாது. இழுக்க இழுக்கக் கண்ணிகள் விரிந்து பின்னாலுள்ள சுவர் தெரியும். நீச்சல் உடைக்கு எடுக்கும் வழுவழுப்பான லைக்ரா வேறு. அது மின்னும், தவிர்க்கவும்.

பந்தல்காரர்கள் தொங்கவிடும் துணியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கல்யாண வீட்டில் விளக்கு பட்டு ஜொலிப்பதற்காகவே வாங்கிய துணி அது. நமக்கு நேர்மாறானது தேவை.

வெல்வெட் மங்கல்தானே என்று நினைப்பீர்கள். அதன் மயிர் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு நிறம், மறுபக்கம் சாய்ந்தால் வேறு நிறம். வெளிச்சத்தையும் விழுங்கும், தூசியையும் பிடிக்கும். ஃபெல்ட் துணி சிறிய திரைக்கு நல்லதுதான், சுருக்கமே விழாது. ஆனால் துவைத்தால் பஞ்சு எழும்பிவிடும்.

ஆன்லைனில் மஸ்லின் என்று மலிவாகக் கிடைக்கிறதே?

வந்த பொட்டலத்தைப் பிரித்தவுடன் ஒரு மூலையை உற்றுப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடினால் அது நெய்த துணி. நூலே இல்லாமல், புள்ளிபுள்ளியாக அழுத்திய அச்சு மட்டும் தெரிந்தால் அது நான்-ஓவன். நம்மூர்க் கல்யாணங்களில் தாம்பூலப் பை தைக்கிறார்களே, அதே பொருள். மஸ்லின் என்பது நெய்த பருத்தித் துணி; அந்தப் பெயரை எழுதி இதை அனுப்புகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் செய்தது. மடித்து வந்த கோடுகள் போகவே போகாது. போக்க நினைத்துச் சூடான அயர்ன் பெட்டியை வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். வெளிச்சமும் ஊடுருவும். அந்தப் பணத்துக்கு விளக்குத்தூணில் இறங்கி நடந்து, நாலு கடை ஏறி, கையால் தொட்டு வாங்குவதே மேல்.

கடையில் நின்றுகொண்டே எப்படிச் சோதிப்பது?

மூன்று சோதனைகள்; ஐந்து நிமிடம் போதும். தெற்கு மாசி வீதிக் கடைக்காரர்கள் துணியை உதறிக் காட்டத் தயங்காதவர்கள், நீங்களும் கேட்கத் தயங்க வேண்டாம்.

முதலில், துணியை ஒற்றை அடுக்காகக் குழல்விளக்குக்கு நேரே பிடித்து, பின்னால் விரல்களை வையுங்கள். விரல்களைத் தனித்தனியாக எண்ண முடிந்தால் அது மெல்லியது.

இரண்டாவது, செல்போனின் டார்ச்சைப் போட்டு, கேமரா வழியாகவே துணியைப் பாருங்கள். போனைச் சாய்த்துச் சாய்த்து நகர்த்துங்கள். வெள்ளையாக ஒரு புள்ளி கூடவே நகர்ந்து வந்தால் பளபளப்பு இருக்கிறது. வெளிச்சம் பரவலாக, ஓரங்கள் கரைந்து தெரிந்தால் வாங்கலாம். வெறுங்கண்ணை நம்பாதீர்கள்; கடை விளக்கில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

மூன்றாவது, ஒரு கைப்பிடி துணியைக் கசக்கி, பத்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். கோடுகள் கூர்மையாக நின்றால் தினமும் அயர்ன் செய்யத் தயாராக இருக்க வேண்டும்.

கனத்தைத் துல்லியமாக அறிய வேண்டுமென்றால் எடை போடச் சொல்லலாம். சதுர மீட்டருக்கு 150 கிராமுக்குக் குறையாத துணி நல்லது. 44 அங்குல அகலமுள்ள துணியில் ஒரு மீட்டர் சுமார் 170 கிராமும், 58 அங்குல அகலத்தில் சுமார் 220 கிராமும் இருந்தால் அந்தக் கனம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கிளிப்பச்சையா, இலைப்பச்சையா, ராமர் பச்சையா?

ராமர் பச்சையும் பாட்டில் பச்சையும் இருட்டு. அவற்றை வெளிச்சமாக்க இரண்டு மடங்கு விளக்கு வேண்டும். பாசிப்பச்சையில் சாம்பல் கலந்திருக்கும். கிளிப்பச்சையைத்தான் எல்லோரும் முதலில் எடுக்கிறார்கள், ஆனால் அதில் மஞ்சள் கூடுதல். மஞ்சள் கூடக் கூட அந்த நிறம் நம் தோலை நெருங்கிவிடுகிறது. மஞ்சள் பூசிக் குளித்த முகம் என்றால் இன்னும் நெருக்கம். இலைப்பச்சைக்கும் கிளிப்பச்சைக்கும் நடுவே, அழுத்தமாக, மஞ்சள் பக்கமும் போகாமல் நீலப் பக்கமும் போகாமல் நிற்கும் பச்சையைத் தேடுங்கள். கணினியில் இதற்குச் சொல்லும் எண்கள் சிவப்பு 0, பச்சை 177, நீலம் 64. ஆனால் போன் திரையில் அந்த நிறத்தைக் காட்டி அச்சாக அதே துணியைக் கேட்டு அலைய வேண்டாம். கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் மென்பொருள் சமாளித்துக்கொள்ளும். துணி முழுதும் ஒரே நிறமாக இருப்பதே முக்கியம். அதனால் மொத்தத் துணியையும் ஒரே சுருளிலிருந்து வெட்டி வாங்குங்கள். அடுத்த வாரம் வந்து மீதியை வாங்கினால் வேறு சாயத் தொட்டியில் நனைந்த துணி கிடைக்கலாம்.

எத்தனை மீட்டர் வாங்க வேண்டும்?

உட்கார்ந்து பாடம் எடுப்பவருக்கு 5 அடி அகலம், 7 அடி உயரம் போதும். கரும்பலகைக்கு முன் நிற்பதுபோல் நின்று, கையை வீசிப் பேசுகிறவருக்கு 9 அல்லது 10 அடி அகலம் தேவை.

9 அடி உயரத் திரைக்குக் கணக்கைச் சொல்கிறேன். 58 அங்குலத் துணியை இரண்டு துண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அகலம் ஏறத்தாழ ஒன்பதரை அடி வந்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் 9 அடியோடு, மேலே குழாய் நுழைக்கும் மடிப்புக்கு அரையடி, கீழே அரையடி, துவைத்தால் சுருங்குவதற்கு அரையடி. ஆக 10½ அடி, அதாவது 3.2 மீட்டர். இரண்டு துண்டுக்கு ஆறரை மீட்டர். கால் தெரிய நிற்க வேண்டுமென்றால் துணி தரையிலும் ஓடிவர வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு மடங்கு ஆகும். முதல் திரைக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பது என் கருத்து.

தையற்காரரிடம் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. புதுப் பருத்தித் துணியில் கஞ்சி இருக்கும். அது மினுமினுப்பையும் தரும், மடிப்பையும் இறுக்கிப் பிடிக்கும். ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் தண்ணீர் கொழகொழவென்று கலங்கி நிற்பதைப் பார்த்தால் எவ்வளவு கஞ்சி என்று உங்களுக்கே புரியும். தண்ணீர் தெளியும்வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள். இதில் இன்னொரு பலனும் இருக்கிறது. தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர், அது சுருங்காது. துணியோ சுருங்கும். துவைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே தையல் நெடுக இழுத்துக்கொண்டு சுருக்கம் விழுந்துவிடும். பிறகு எந்த அயர்ன் பெட்டியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

தையற்காரரிடம் சொல்ல வேண்டியவை: துணியின் நீளவாட்டு ஓரங்களில் உள்ள கரையை வெட்டி நீக்கிவிட்டு இணைக்கவும், ஏனென்றால் கரை நெருக்கமாக நெய்தது, அது தனியே இழுக்கும். தையலின் உள்விளிம்பை இரு பக்கமும் பிரித்து வைத்து அயர்ன் செய்யவும். நூல் மின்னாததாக இருக்கட்டும். நடுத்தையல் நேராக நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் வந்தால் பாதி மறைந்துவிடும்.

புதுமண்டபத்தில் தைத்துக்கொண்டிருந்து, கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது உடன் சென்ற தையற்காரர்களிடம் கொடுத்துப் பாருங்கள். கோயில் அலங்காரத்துக்குத் தொங்கவிடும் தொம்பையும் விதானமும் அழகர் திருவிழா வேடங்களும் தைத்துப் பழகிய கை. பத்தடி நீளத் தையலைக் கோணாமல் ஓட்டுவது எல்லோருக்கும் வராது.

மாட்டிய பிறகும் துணி அலைகிறதே?

மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய். கீழ்க்குழாய் கனமான இரும்பாக இருந்தால் நல்லது. பிவிசி என்றால் உள்ளே மணல் நிரப்பி இரு முனையையும் மூடிவிடலாம். பக்கவாட்டில் ஓர் அடிக்கு ஒரு கவ்வி போட்டு வெளியே இழுத்துக் கட்டுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பேசுங்கள் என்று யாரையும் சொல்ல எனக்கு மனம் வராது. விசிறியைப் பேசுபவரின் முன்பக்கம், கேமராவுக்கு அருகில் தாழ வைத்து, காற்று திரையில் படாதபடி திருப்பி வைத்தால் பேசுபவருக்கும் வசதி, துணியும் அலையாது. ஒலிப்பதிவில் அதன் சத்தம் வராதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு?

துணிக்குத் தனியாக இரண்டு விளக்கு, இடமும் வலமும், சாய்வாக. முகத்துக்கு வேறு விளக்கு. முகத்தின் வெளிச்சமும் திரையின் வெளிச்சமும் ஏறத்தாழ சமமாக இருக்கட்டும். திரை ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், குறைந்தாலும் தவறில்லை. பேசுபவர் திரையிலிருந்து 6 அடி தள்ளி இருக்க வேண்டும். சிறிய அறை என்றால் நான்கு அடியாவது. நெருங்கி உட்கார்ந்தால் நிழலும் விழும், துணியின் பச்சை காதோரத்திலும் தோளிலும் படிந்துவிடும்.

விளக்கை மென்மையாக்க எல்இடி விளக்குக்கு முன்னால் ஒரு வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டினாலே போதும். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். பழைய ஹாலோஜன் விளக்குக்கு முன் மட்டும் கட்டாதீர்கள், தீப்பிடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் திரையில் பட்டை பட்டையாக இருள் ஓடாது.

பட்டுச்சேலை, நகை, மல்லிகைப்பூவோடு வந்தால்?

தங்கமும் சரிகையும் கண்ணாடி மாதிரி. எதிரே உள்ள பச்சையை அப்படியே காட்டும். திரையிலிருந்து தூரம் கூட்டுவது ஒன்றே வழி. மதுரை மல்லிகையில் நான் கவனித்த ஒன்று: மொட்டின் வெள்ளை பின்திரையின் பச்சையை உடனே வாங்கிக்கொள்கிறது, காம்போ இயல்பிலேயே இளம்பச்சை. அதனால் சரத்தில் காம்பு இருந்த இடமெல்லாம் சின்னச் சின்ன ஓட்டையாகத் தெரியும். சரத்தில் மரிக்கொழுந்து சேர்த்துக் கட்டியிருந்தால் அது முழுதாகவே மறைந்துவிடும். பூவைக் கழற்றச் சொல்ல மாட்டேன். அந்தப் பதிவுக்கு நீலத்திரையை மாட்டிவிடுவேன்.

அழகர் வைகையில் இறங்கும் வைபவத்தைப் பற்றிச் சொற்பொழிவு செய்ய ஒருவர் வந்தார். பச்சைப் பட்டு உடுத்திய அழகர் சிலை ஒன்றைக் கையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். அழகர் எந்த நிறப் பட்டில் வருகிறார் என்று ஊரே பார்த்து நிற்கிறது. பச்சை என்றால் செழிப்பு என்று நம்புகிறது. அந்தப் பட்டை மென்பொருள் வெட்டி எடுத்துவிடலாமா? அன்றைக்காக வாங்கிய நீலத்துணி இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதே கேஸ்மென்ட், அதே சோதனைகள். விளக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்பட்டது.

சுவருக்குப் பச்சை பெயின்ட் அடித்துவிடலாமா?

சொந்த வீடு, சுவர் சமமாகப் பூசியது, மேட் எமல்ஷன் என்றால் அடிக்கலாம். வாடகை வீட்டில் துணிதான்.

வெள்ளைக் காடாத்துணி வாங்கி நாமே சாயம் ஏற்றலாமா? மங்கிய திரைக்கு மறுபடி சாயம் போடலாமா?

சுங்குடிக்குப் பெயர்போன ஊர் என்பதால் இந்த ஆசை எல்லோருக்கும் வருகிறது. ஆனால் சுங்குடியின் அழகு, முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாமல் நிற்பதில் இருக்கிறது. நமக்குத் தேவையோ ஓரிடமும் விடாமல் ஒரே சீராக ஏறிய சாயம். காடாவில் இருக்கும் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் முழுதாக நீங்கும்வரை காய்ச்சி வெளுக்காமல் சாயத்தில் போட்டால் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். வீட்டு வாளியில் ஆறு மீட்டர் துணி புரளவும் இடமில்லை. சாயப்பட்டறையில், பெரிய தொட்டியில், எல்லாத் துண்டுகளையும் ஒரே தடவையில் போட்டுத் தருவார்கள் என்றால் கொடுக்கலாம்.

மங்கிய திரை வேறு விஷயம். பச்சைச் சாயம் பெரும்பாலும் மஞ்சளும் நீலமும் கலந்தது. வெயில் பட்டால் இரண்டும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஜன்னல் பக்கம் இருந்த பகுதி ஒரு நிறமாகவும் மறுபக்கம் இன்னொரு நிறமாகவும் ஆகிவிடும். அதன்மேல் மறுபடி சாயம் ஏற்றினாலும் அந்த வித்தியாசம் அடியிலிருந்து தெரியும். என் பழைய திரையை நடுவில் வெட்டி, நல்ல பாதியை மேசை மேல் பொருள்களைப் படமெடுக்க வைத்துக்கொண்டேன். புதிய திரையை வேலை முடிந்ததும் மடிக்காமல் குழாயிலேயே சுருட்டி, ஒரு பழைய சேலையால் சுற்றி, பீரோவுக்கு மேல் கிடத்திவிடுகிறேன்.